ஆறடி நிலம் யார் பொறுப்பு?

நமது கவிஞர்கள் மிக அதிகமாகப் பாடிய காணி எது என்று யாராவது கணக்கெடுத்தால், முதலிடம் ஆறடி நிலத்துக்குத்தான் கிடைக்கும். 1990 ஓகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இரவோடிரவாக விழுந்த உயிர்களுக்காகப் பாடினோம். 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனவர்களுக்காகப் பாடினோம். 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது எழுதியவற்றைச் சேர்த்தால் கனத்த தொகுதிகள் சில வரும். பாடவேண்டியவைதாம், பாடினோம். ஆனால் இத்தனை வரிகளுக்குள்ளும் ஒரு கேள்வியைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அந்த ஆறடியைத் தேடித் தரவேண்டிய கடமை சட்டப்படி யாருக்கு இருக்கிறது?

இலக்கிய ஏட்டில் காணிச் சட்டத்துக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். இந்த மண்ணில் நமது தொன்மையை நிறுவ நாம் எடுத்துக்காட்டும் சான்றுகளில் மிகப் பழையது ஒரு மீஸான் கல். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கூபி எழுத்துப் பொறித்த அந்தக் கல் கொழும்பு மையவாடியில் நின்றது. ஒல்லாந்தர் காலத்தில் அது பெயர்க்கப்பட்டு ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் படிக்கல்லாகப் போனது. பின்னர் அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் அதன் எழுத்தைப் பிரதி எடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியதால் செய்தி தப்பியது. அந்தக் கல்லை மேடைக்கு மேடை மேற்கோள் காட்டுகிறோம். அது நின்ற மையவாடிக்குச் சட்டக் காப்பு எதுவும் இல்லாமற் போனதால்தான் அது படிக்கல்லானது என்பதை எந்த மேடையிலும் சொல்வதில்லை.

எனது வாதம் இதுதான். இறந்தவர்களை அடக்குவதற்கு நிலம் தேடுவதை ஒவ்வொரு உள்ளூராட்சி சபையினதும் சட்டக் கடமையாக்க வேண்டும். அந்தக் கடமையை நிறைவேற்ற, வேறு வழியில்லாதபோது காணியைச் சுவீகரிக்கும் அதிகாரத்தையும் அந்தச் சபைக்கே, காலவரையறையோடும் கட்டுப்பாடுகளோடும் வழங்க வேண்டும். மையவாடி விரிவாக்கம் ஒரு தனவந்தரின் தர்மமாகவோ, ஓர் அமைச்சரின் தேர்தல் வாக்குறுதியாகவோ இருக்கும் வரை, நமது மையித்துகள் யாரோ ஒருவரின் தயவிலேயே மண்ணுக்குள் போகும்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது? மையவாடிகளுக்கென்று நம்மிடம் இருப்பது 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயானங்கள், இடுகாடுகள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரர் கொலராவுக்கும் அம்மைக்கும் பயந்த காலத்தில் எழுதியது. எங்கே அடக்கக் கூடாது, எந்த மையவாடியை எப்போது மூடலாம், அனுமதியின்றி அடக்கியவருக்கு என்ன தண்டனை என்பவற்றில் அது மிகவும் உறுதியாகப் பேசும். புதிய இடம் என்று வரும்போது அதன் குரல் தணிந்துவிடும். அமைக்கலாம் என்கிறதே தவிர, சனம் பெருகினால் அமைத்தே தீரவேண்டும் என்று யாருடைய கழுத்திலும் அது கடமையைக் கட்டவில்லை.

காணி எடுப்பதற்கோ வேறொரு சட்டம். 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க காணி சுவீகரிப்புச் சட்டம். ஒரு பிரதேச சபைக்கு ஒரு ஏக்கர் தேவைப்பட்டால் அது தானாக எடுக்க முடியாது. விஷயம் கொழும்பில் உள்ள அமைச்சர்வரை போகவேண்டும். பொதுத் தேவை என்று அவர் தீர்மானிக்க வேண்டும். பிறகு அறிவித்தல், ஆட்சேபனை விசாரணை, வர்த்தமானிப் பிரகடனம், நில அளவை, உரிமை விசாரணை, விலை மதிப்பீடு, நட்டஈட்டுத் தீர்ப்பு. இத்தனை படிகளும் காணிச் சொந்தக்காரரின் பாதுகாப்புக்காக இருப்பவை என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் படிகளுக்கு முதலும் முடிவும் குறிக்கப்படவில்லை. முதற்படியில் அமைச்சர் பதிலே சொல்லாமல் இருந்துவிட்டால், ஏன் சொல்லவில்லை என்று கேட்கச் சபைக்கு வழியில்லை.

மூன்றாவதாக, 1987இன் 13ஆவது திருத்தம். அதன் மாகாண சபைப் பட்டியலில் அடக்கமும் மையவாடிகளும், தகனமும் தகன மைதானங்களும் எழுத்திலே மாகாணங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நமது அரசியல்வாதிகளில் எத்தனை பேர் அந்த வரியை வாசித்திருப்பார்கள்? கிழக்கு மாகாண சபை உயிரோடிருந்த காலத்தில் அமைச்சுப் பதவிகளுக்காக நடந்த இழுபறிகளை நாமறிவோம். ஒரு மையவாடி நியதிச் சட்டத்துக்காக இழுபறி நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. 2014 செப்டெம்பரில் ஊவாவோடு மாகாணத் தேர்தல்கள் நின்றுபோயின. 2019க்குள் ஒன்பது சபைகளின் ஆயுளும் முடிந்தது. பட்டியலில் இருந்த அதிகாரம் பட்டியலிலேயே கிடந்தது.

இந்த மூன்று சட்டங்களுக்கும் நடுவில் ஒரு ஊர் எப்படி அகப்பட்டுக் கொள்கிறது என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கிழக்குக் கரையில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபையில் சில வருடங்கள் செயலாளராக இருந்தேன். மையவாடி நிறைந்துவிட்டது. குழி வெட்டுபவர் மண்வெட்டியை ஓங்கிப் போட அஞ்சி, கையால் மண்ணைக் கிளறிப் பார்த்து வெட்டும் நிலை. வடக்கு வேலிக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர் வெறுங்காணி. சொந்தக்காரர் ஊரில் இல்லை. முதலில் ஒரு விலை சொன்னார். மையவாடிக்கு என்று தெரிந்ததும், வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு இரட்டிப்பாக்கினார். சபைக்கு எழுதினோம். எல்லாக் கட்சி உறுப்பினர்களும் கையுயர்த்திப் பிரேரணையை நிறைவேற்றினார்கள். அது இன்னொரு அலுவலகம் போனது. அங்கிருந்து வரைபடம் கேட்டு வந்தது. வரைபடத்தோடு போனது, எந்த அமைச்சின் நிதி என்று கேட்டு வந்தது. நிதி பற்றி எழுதிய கடிதத்துக்குப் பதில் வருமுன் அமைச்சர் மாறினார். புதியவரின் செயலாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பச் சொன்னார். ஏழு வருடத்தில் கோப்பு நாலு விரல் தடித்தது. மையவாடி ஒரு விரல் நீளவில்லை.

இதில் யாரும் கெட்டவர் இல்லை என்பதுதான் கொடுமை. தவிசாளர் நல்லவர். அலுவலர் சட்டத்தில் உள்ளதைத்தான் செய்தார். சொந்தக்காரர்கூட, சந்தையில் எவரும் செய்வதைத்தான் செய்தார். கடமை யாருக்கும் இல்லாத இடத்தில் குற்றமும் யாருக்கும் இருப்பதில்லை.

எங்கள் ஊரின் கதை தனிக்கதையல்ல. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களை ஒரு வரைபடத்தில் பாருங்கள். காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவிலுள்ள ஒரு கீற்று நிலத்தில், 2012 குடிசன மதிப்பீட்டின்போதே நாற்பதாயிரம் பேரளவில் வாழ்ந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருக்குண்டு நீண்ட ஊர்கள். கடற்பக்கம் போனால் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிற்கும். அதையும் மீறி ஒருவர் போனால் கடலரிப்பு நிற்கும். வயற்பக்கம் போனால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் நிற்கும், அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது. அந்தச் சட்டங்கள் தேவையானவை. ஆனால் இரண்டு பக்கமும் வேலி போட்ட அரசு, நடுவில் உள்ளவர்கள் இறந்தால் எங்கே வைப்பது என்பதையும் யோசித்திருக்க வேண்டாமா?

மார்க்கத் தீர்வு இருக்கிறதே, பழைய கபுறையே மீண்டும் திறக்கலாமே என்பார்கள். திறக்கலாம்தான். உடல் முழுவதும் மண்ணோடு மண்ணாகிய பிறகு. அதற்கு முன்னர் தோண்டுவது கூடாது என்பதே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலை. மண்ணுக்கு அவகாசம் தேவை. அவகாசத்துக்கு இடம் தேவை. இடமில்லாத ஊரில் அந்த அவகாசத்தை நாமே திருடிக்கொண்டிருக்கிறோம். பேசினால் பாவம் போல எல்லோரும் மௌனமாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

சாதாரண நாளிலேயே இப்படியென்றால் அசாதாரண நாட்களைச் சொல்லவேண்டியதில்லை. 1990 ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரிலும் அதே தொகை. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குக் கூரை கொடுத்த ஊர்களின் மையவாடிகளே அவர்களுடைய மையித்துகளையும் ஏற்றுக்கொண்டன. ஒரு தலைமுறை அங்கேயே அடக்கமாகிவிட்டது. இடம்பெயர்ந்தோருக்கு உலர் உணவுக்குக் கணக்கு இருந்தது, தகரத்துக்குக் கணக்கு இருந்தது. கபுறுக்குக் கணக்கு எந்தப் படிவத்திலும் இருக்கவில்லை. புத்தளத்து மக்களின் பெருந்தன்மையை அரசு தனது திட்டமாக எண்ணிக்கொண்டது.

இனி 2020க்கு வருகிறேன். அந்த அநீதியைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அதன் சட்டப் பக்கத்தை மட்டும் பார்ப்போம். கொவிட்டால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற வர்த்தமானி 2020 ஏப்ரல் 11இல் வெளியானது. அதற்குப் பயன்பட்டது 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். அடக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவையே என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்னரே சொல்லியிருந்தது. ஆனாலும் பிறந்து இருபது நாளேயான பாலகன்வரை இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் எரிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் 1இல் பெரும்பான்மைத் தீர்மானத்தால் மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. பொரளை கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஜனாஸாக்களை மாலைதீவுக்கு அனுப்பலாமா என்றுகூடப் பேச்சு எழுந்தது. ஆயிரம் வருடம் வாழ்ந்த மண்ணில் ஆறடி இல்லை என்று சொல்ல ஓர் அரசுக்கு ஒரு தாள் போதுமாக இருந்தது.

2021 பெப்ரவரி 25இல் அடக்கம் அனுமதிக்கப்பட்டதும் அடுத்த கேள்வி எழுந்தது. எங்கே? கொழும்பு முதலில் விரல் நீட்டிய இடம் இரணைதீவு. பல வருட இடப்பெயர்வுக்குப் பின் 2018இல்தான் தங்கள் நிலத்துக்குத் திரும்பியிருந்த தமிழ் மீனவக் குடும்பங்களின் தீவு அது. அவர்களைக் கேட்காமல் தீர்மானித்தார்கள். அவர்கள் வீதிக்கு வந்தார்கள். நம்மைக் கேட்காமல் எரித்தவர்கள், அவர்களைக் கேட்காமல் புதைக்கப் பார்த்தார்கள். இரண்டு சிறுபான்மைகளை ஒரு சவக்குழியின் இரு கரைகளில் எதிரெதிராக நிறுத்திவிட்டுக் கொழும்பு கையைத் தட்டிக்கொண்டு போயிருக்கும். அப்படி நடக்காமல் போனதற்கு ஓட்டமாவடிதான் காரணம். மார்ச் 5இலிருந்து மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் ஜனாஸா அந்த ஓரிடத்துக்கே வரவேண்டும் என்ற விதி ஒரு வருடம் நீடித்தது. அதற்குள் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அடங்குவர்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. எரிப்பதற்கான அதிகாரம் மேலே இருந்தது, சட்டமாக இருந்தது. அடக்குவதற்கான இடம் கீழே இருந்தது, நல்லெண்ணமாக மட்டும் இருந்தது. ஓட்டமாவடி மக்களும் அந்தப் பிரதேச சபையும் மனம் வைத்திராவிட்டால் என்ன நடந்திருக்கும்? நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆனால் அடுத்த தொற்றுநோய்க்கும் ஓர் ஓட்டமாவடி கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அடக்கமா தகனமா என்பதை ஒருவர் தெரிவு செய்யும் உரிமைக்குச் சட்டம் கொண்டுவருவது பற்றியும் அப்போது பேசப்பட்டது. நம்மில் பலர் அகமகிழ்ந்தார்கள். நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அடக்கம் செய்யும் உரிமை என்பது நிலமில்லாமல் என்ன உரிமை? சோறு உண்ணும் உரிமை உனக்குண்டு, அரிசி தேடுவது உன்பாடு என்பது போன்றது அது.

நிலம் இல்லை, பணம் இல்லை, சட்டச் சிக்கல் என்று அதிகாரிகள் சொல்வார்கள். இந்த அரசு காணி எடுக்கத் தெரியாத அரசா? 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை இராணுவத் தேவைக்கென்று சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். அதே 1950ஆம் ஆண்டுச் சட்டம்தான். போர் முடிந்தபின் கோப்பாயில் மாவீரர் துயிலும் இல்லத்தைத் தரைமட்டமாக்கி அதன்மேல் படைத் தலைமையகம் கட்டி 2011இல் திறந்தார்கள். அந்த இயக்கம் நமக்குச் செய்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆயினும் ஒரு தாய் தன் பிள்ளையைப் புதைத்த இடத்தைப் புல்டோசரால் உழுததை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. உயிரோடிருப்பவர்களின் நிலத்தையும் இறந்தவர்களின் நிலத்தையும் எடுக்கத் தெரிந்த கைக்கு, இறந்தவர்களுக்காக நிலம் எடுக்க மட்டும் ஏன் தெரியவில்லை?

நமக்கு 1899இல் மயானச் சட்டம் எழுதித் தந்த அதே வெள்ளைக்காரர், தமது நாட்டில் வேறு மாதிரி நடந்துகொண்டதையும் சொல்லவேண்டும். இலண்டனின் தேவாலய முற்றங்கள் பிணங்களால் நிரம்பி வழிந்தபோது, 1852இலும் 1853இலும் அடக்கச் சட்டங்களைக் கொண்டுவந்து, ஊர்மட்டத்தில் அடக்கச் சபைகளை அமைக்க இடமளித்தார்கள். கடன் வாங்கவும், வரிப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுக்கவும், நிலம் தேடவும் அந்தச் சபைகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். நமக்கோ தடைகளை மட்டும் ஏற்றுமதி செய்தார்கள். சுதந்திரம் கிடைத்த பிறகும் நாம் அந்தப் பாதியையே கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி ஆட்சேபனைகளுக்கு வருகிறேன். முதல் ஆட்சேபனை நமது வீட்டுக்குள்ளிருந்தே வரும். மையவாடி வக்பு சொத்து, அதை நம் மூதாதையர் தர்மமாக எழுதி வைத்தார்கள், சபையின் கையில் கொடுத்தால் நாளைக்குத் தல்கீன் ஓதவும் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள் என்பார்கள். இந்தப் பயம் வெறும் பயமல்ல. அதனால்தான் நான் கேட்பது நிலம் தேடும் பொறுப்பை மட்டும். தேடிய நிலத்தின் பரிபாலனம் அந்தந்தச் சமூகத்தின் கையில் இருக்கவேண்டும். நமக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டம் இருக்கிறது. சபை எடுத்த நிலத்தைப் பதிவு செய்யப்பட்ட பள்ளிவாசலின் நம்பிக்கையாளர்களிடம் ஒப்படைக்க வழி செய்யலாம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். வக்பு செய்தவர்கள் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருந்த போடிமாரும் மரைக்கார்மாரும். இன்று ஐந்து பேர்ச் காணிக்கு மகளின் சீதனத்தை நினைத்து அழும் தகப்பனிடம் போய் வக்பு கேட்பது எந்த நியாயம்?

இரண்டாவது ஆட்சேபனை இன்னும் கூர்மையானது. நாம் சிறுபான்மையாக வாழும் ஊர்களில் சபை நம் கையில் இல்லை. சுவீகரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் அதை நம்மீதே பாய்ச்சுவார்கள் என்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனால் இன்றைய நிலை அந்த ஊர்களில் நம்மைப் பாதுகாக்கிறதா? இன்று அந்தச் சபைகள் எதுவும் செய்யாமலே நம்மை மறுக்கலாம். மறுப்பதற்குக் காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. கடமை என்று சட்டத்தில் எழுதினால், நிறைவேற்றாத சபைக்கெதிராக எழுத்தாணை கேட்டு நீதிமன்றம் போகலாம். இல்லாத கடமையை நிறைவேற்றுமாறு எந்த நீதிமன்றமும் எவருக்கும் கட்டளையிடாது. பலவீனனுக்குச் சட்டக் கடமைதான் கேடயம். சலுகை எப்போதும் பலவானின் பொக்கட்டில் இருப்பது.

மூன்றாவது ஆட்சேபனையை நம்மில் யாரும் எழுப்பமாட்டார்கள். நமது தமிழ்ச் சகோதரர்கள் எழுப்புவார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள சபைகள் மையவாடி என்ற பெயரில் எல்லையோரத் தமிழர் காணிகளை எடுக்கும் என்பார்கள். அப்படிச் சொல்பவர்களை இனவாதிகள் என்று தூக்கியெறிவது இலகு. கிழக்கில் காணி என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு இரத்தமும் சந்தேகமும் உறைந்திருக்கிறது என்பதை அறிந்தவன் அப்படிச் செய்யமாட்டான். அவர்களுடைய பயத்துக்குச் சட்டத்திலேயே பதில் எழுதப்படவேண்டும். இடம்பெயர்ந்தவர்களின் காணி, குடியிருக்கும் வீடு, விளையும் வயல், வணக்கத்தலம், இன்னொரு சமூகத்தின் மயானம் ஆகியவற்றில் கை வைக்க முடியாது என்று அதிகாரத்தைக் கொடுக்கும் வாசகத்திலேயே எழுதுங்கள். நாம் இரணைதீவு மக்களின் இடத்தில் நின்று யோசிக்கத் தெரியாவிட்டால், நமக்காக யோசிக்கும்படி யாரையும் கேட்கும் தகுதி நமக்கில்லை.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2017இல் யாழ்ப்பாணம் புத்தூர் கலைமதி கிராமத்து மக்கள் தங்கள் குடிமனைகளுக்கு நடுவே இருக்கும் மயானத்தை அகற்றக் கோரிப் போராடினார்கள். சாதியால் ஒடுக்கப்பட்ட அந்த மக்களின் வீட்டு வாசலில் பிணம் எரிவது மற்றவர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. மாற்று இடம் தேடித் தரும் கடமை ஒரு சபைக்குச் சட்டத்தில் இருந்திருந்தால் அவர்கள் வீதியில் கிடந்திருக்க வேண்டியதில்லை. மலையகத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு உரமானவர்கள் தோட்டத்துக்குச் சொந்தமான மண்ணிலேயே புதைக்கப்படுகிறார்கள். பாட்டனின் கபுறு எந்தக் கம்பனியின் குத்தகைக்குள் இருக்கிறது என்று பேரன் தேடவேண்டியிருக்கிறது. இவர்களோடு சேர்ந்து கேட்டால் இது ஒரு நாட்டின் கோரிக்கை. தனியே கேட்டால் வழக்கம்போல, இவர்களுக்கு இன்னும் ஒன்றாம் என்ற ஏளனம்.

நான்காவது, எதற்கும் சொல்லப்படுவது. அதிகாரம் கொடுத்தால் துஷ்பிரயோகம் செய்வார்கள். செய்வார்கள்தான். பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று எடுத்த நிலம் தனியார் கோல்ப் மைதானமாகிப் போனதை உயர் நீதிமன்றம் 2008இல் ரத்துச் செய்தது. அந்த நிலத்தை எடுத்ததும் கொடுத்ததும் ஒரு பிரதேச சபையல்ல, கொழும்பின் உச்சாணிக் கொம்பு. துஷ்பிரயோகம் மேலே நடந்தால் நிர்வாகத் தவறு, கீழே நடக்கக்கூடும் என்றால் அதிகாரமே கொடுக்கக் கூடாது என்பது என்ன தர்க்கம்? தவிசாளரை நாம் சந்தியில் மறித்துக் கேட்கலாம். அமைச்சரின் செயலாளரை எந்தச் சந்தியில் மறிப்பது?

ஆகவே, வெறும் ஆவேசத்தோடு நிறுத்தாமல், சட்டத்தில் என்ன இருக்கவேண்டும் என்று நான் நினைப்பதை எழுதி வைக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் திருத்தட்டும்.

ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் உள்ள மயானங்கள், மையவாடிகள், சேமக்காலைகள் அனைத்தினதும் எஞ்சிய இடத்தைக் குறித்த கால இடைவெளியில் அளந்து வெளியிட வேண்டும். அடுத்த இருபது வருடத்துக்குப் போதாது என்று கண்டால், முதலில் அரச காணி, அடுத்து விருப்பத்தோடு விற்பவரின் காணி, கடைசியாகவே சுவீகரிப்பு என்ற ஒழுங்கில் தேட வேண்டும். பெரிய காணிகளைத் துண்டாடி விற்கும்போது பொதுத் தேவைக்கென ஒதுக்கப்படும் பங்கில் இதையும் ஒரு தேவையாகச் சேர்க்க வேண்டும். சபை சுவீகரிக்கத் தீர்மானித்தால், பாதிக்கப்படுபவரைப் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும். மேலிடம் தொண்ணூறு நாட்களுக்குள் காரணம் காட்டி மறுக்காவிட்டால் தீர்மானம் செல்லுபடியாக வேண்டும். சந்தை விலையில் நட்டஈடு, காணியைப் பொறுப்பெடுக்கும் முன்னரே கையில் கிடைக்க வேண்டும். தொகை போதாதென்றால் மீளாய்வுச் சபைக்குப் போகும் உரிமை அப்படியே இருக்க வேண்டும். எடுத்த நிலம் எந்தக் காலத்திலும் வேறு தேவைக்கு மாற்றப்படக் கூடாது. கடைசியாக, கொள்ளைநோய் என்றோ அவசரகாலம் என்றோ சொல்லி ஒரு வர்த்தமானியால் அந்த நிலத்தை மூடும் அதிகாரம், மருத்துவக் காரணம் எழுத்தில் காட்டப்படாமல் எவருக்கும் இருக்கக் கூடாது.

2023 மார்ச்சிலிருந்து உள்ளூராட்சி சபைகள் உறுப்பினர்களின்றி இருந்தன. 2025 மே 6இல் தேர்தல் நடந்து புதியவர்கள் வந்தார்கள். வாக்குக் கேட்டு வந்தவர்கள் வடிகான் பற்றிப் பேசினார்கள், தெருவிளக்குப் பற்றிப் பேசினார்கள். மையவாடியைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று நினைத்தார்களோ என்னவோ. சபைகளில் ஒரு பிரேரணை நிறைவேறுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒரே வாசகத்தில், காத்தான்குடியிலும் கல்முனையிலும் புத்தளத்திலும் மன்னாரிலும், தமிழ்ச் சபைகளிலும் சிங்களச் சபைகளிலும் அது நிறைவேறுமானால், பாராளுமன்றம் அதைத் தாண்டிப் போவது சுலபமல்ல. அந்த வாசகத்தை யார் எழுதுவது? ஜம்இய்யாக்கள் அறிக்கை எழுதும். கட்சிகள் நன்றி சொல்லிச் சுவரொட்டி எழுதும். சொல்லைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாம்.

ஆறடி நிலத்தை உவமையாக்கிப் பாடியது போதும் என்று நான் சொல்லவில்லை, பாடுங்கள். ஆனால் அது உவமையாவதற்கு முன்னர் ஒரு காணி. அதற்கு நான்கு எல்லைகள் உண்டு, ஒரு வரைபட இலக்கம் உண்டு, ஓர் உறுதி உண்டு. அந்த உறுதியில் யாருடைய பெயர் எழுதப்படவேண்டும் என்று சட்டத்தைக் கேட்க வைப்பதும் எழுத்தாளனின் வேலைதான்.